தளபதிக்கு முன்னால் யார் நடப்பது

டோல்சான் கேம்ஸ் கம்பெனியில் பதவி என்று எதுவும் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பதவிகளை ஒழித்துவிட்டார்கள். துணை மேலாளர், மேலாளர், இயக்குநர் எல்லாம் போய், இனி ஆளுக்கொரு வெளிநாட்டுப் பெயரை வைத்துக்கொண்டு, அதன் வாலில் ‘நிம்’ என்று மரியாதைக்கு ஒரு ஒட்டு மட்டும் போட்டுக் கூப்பிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. இருபத்திரண்டு வருஷம் தாய்க் கம்பெனியின் சிமெண்ட் பிரிவில் இருந்துவிட்டு, கேம் பிரிவுக்குத் தலைவராக வந்த கூ பியோங்தே அன்று முதல் டேனியல் ஆனார். இங்கே இனி எல்லோரும் சமம் என்று அவர் மைக்கில் அறிவித்தார். அறிவித்துவிட்டு வெளியே போனபோது எல்லோரும் சமமாக எழுந்து நின்றார்கள்.

ஓக் ஜின்சோல் அன்றைக்குப் பல்வலி என்று லீவு போட்டிருந்தாள். மறுநாள் வந்து பார்த்தால் நல்ல பெயரெல்லாம் காலி. பட்டியலில் மிச்சம் இருந்தவை இரண்டு: கெர்ட்ரூட், வில்மா. ரொம்ப நேரம் யோசித்து வில்மாவை எடுத்துக்கொண்டாள். சியோலுக்குப் பக்கத்தில் பங்யோவில், பதினான்காவது மாடியில் முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி வில்மா ஆன கதை இவ்வளவுதான். அவளுடைய குழுவில் இருந்த பதினோரு பேரும் அந்தப் பெயரை மீட்டிங்கில் மட்டும் உபயோகித்தார்கள்.

அவள் செய்துகொண்டிருந்த விளையாட்டுக்கு ‘ஏழு கோட்டை’ என்று பெயர். நூறு இருநூறு சிப்பாய்களை ஒரே சமயத்தில் ஓடவிட்டு, எதிராளி மூச்சுவிடுவதற்குள் அவன் கோட்டையைப் பிடிக்கிற விளையாட்டு. அதில் ஜின்சோலின் வேலை, சிப்பாய்கள் சொன்ன பேச்சைக் கேட்கும்படி செய்வது. கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும். பெற்ற பிள்ளையே சொன்ன பேச்சைக் கேட்காத உலகத்தில், இருநூறு பேரை இரண்டு பொத்தானில் கேட்க வைக்க வேண்டும்.

ரோந்துக்கும் குழுவுக்கும் சேர்த்து அவள் எழுதிய திட்டம் ஒரே பக்கம், ஏழே வரி. சிப்பாயைத் தேர்ந்தெடுத்து, ரோந்துப் பொத்தானை அழுத்தி, தரையில் ஓர் இடத்தைக் காட்டினால், நின்ற இடத்துக்கும் காட்டிய இடத்துக்கும் நடுவே அவன் போய்ப் போய் வருவான். எதிரி கண்ணில் பட்டால் அடிப்பான். கொஞ்ச தூரம் துரத்துவான். அதற்கு மேல் துரத்தாமல் தன் வழிக்குத் திரும்புவான். பத்துப் பேரை வளைத்து அவர்களுக்கு ஒன்று என்ற எண்ணைக் கொடுத்துவிட்டால், அப்புறம் எப்போது ஒன்றைத் தட்டினாலும் பத்துப் பேரும் எழுந்துகொள்வார்கள். ஆறாவது வரிதான் அவளுக்குச் செல்லம்: குழுவாக ரோந்து போகும்போது முதலில் போய்ச் சேர்ந்தவன் கடைசி ஆள் வரும்வரை நிற்க வேண்டும், பிறகு எல்லோரும் சேர்ந்து திரும்ப வேண்டும்.

இந்த ஏழு வரிக்கு எட்டு மாசம் ஆயிற்று. தோ மன்ஷிக் என்கிற சோதனையாளர் அவளுக்கு எதிரே உட்கார்ந்து தினமும் முப்பது ஆட்டம் ஆடினார். ஒரு காலத்தில் அரங்கு நிறைய ஆட்கள் பார்க்க ஆடியவர் அவர். மணிக்கட்டும் இடுப்பும் போன பிறகு இங்கே வந்தவர், நாற்பத்தொரு வயசு. குதிரைக்காரன் முன்னால் ஓடிப்போய்த் தனியாகச் செத்துப்போவதும், கிழட்டுக் காலாள் பின்னால் தங்கித் தனியாகச் செத்துப்போவதுமாக ஏழு மாசம் போனது. எட்டாவது மாசம் ஒருநாள் மன்ஷிக் கையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்க்ரீனை வெறுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, கை வலிக்குதா?" என்றாள் ஜின்சோல்.

"வலிக்கல. அதான் பாத்துக்கிட்டிருக்கேன். ஒரு தரம் சொன்னேன், அவங்களே போறாங்க, அவங்களே ஒருத்தருக்கொருத்தர் நின்னு கூட்டிட்டு வர்றாங்க. அப்பவே இப்படி ஒன்னு இருந்திருந்தா என் கை இன்னும் அஞ்சு வருஷம் ஓடியிருக்கும்."

ஜின்சோல் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் ரயிலில் கொஞ்சம் அழுதாள், சந்தோஷத்தில்.

அந்த ஒரு பக்கம் மேலே போயிற்று. அங்கேதான் சனி பிடித்தது.

மேலே ‘ரோந்து மற்றும் குழுக் கட்டளை மேம்பாட்டுக் குழு’ என்று ஒன்று அமைத்தார்கள். தலைவர் டேனியல்நிம். குறிப்பெடுப்பவர் சார்லஸ்நிம், டேனியலோடு சிமெண்டிலிருந்தே வந்தவர், டேனியல் தும்மினால் அதையும் தேதி போட்டுக் குறித்துக்கொள்கிறவர். மற்ற உறுப்பினர்கள் தலையாட்டுவதற்கு.

"வில்மாநிம், இந்த மூணாவது வரி," என்றார் டேனியல். "எதிரியைப் பார்த்தா அடிப்பான்னு போட்டிருக்கீங்க."

"ஆமாங்க."

"யாரைக் கேட்டு அடிப்பான்?"

ஜின்சோலுக்குக் கேள்வி புரியவில்லை. "யாரையும் கேக்க மாட்டாங்க. எதிரி கண்ணு முன்னாடி நிக்கிறான்ல."

"அப்ப தானாவே முடிவு பண்ணுவான். ஒரு சாதாரண சிப்பாய்." டேனியல் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நான் இருபத்திரண்டு வருஷம் சிமெண்ட்ல இருந்தேன். ஒரு மூட்டை கூட தானா முடிவெடுத்து லாரியில ஏறினதில்ல. அதனாலதான் இந்த நாட்டுல கட்டடம் நிக்குது."

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். சார்லஸ் எழுதிக்கொண்டார். அன்று முடிவானது இது: சிப்பாய் எதிரியைப் பார்த்தால் அணித்தலைவனுக்குச் சொல்ல வேண்டும். அணித்தலைவன் படைத்தலைவனுக்கு. படைத்தலைவன் தளபதிக்கு. தளபதி ஒப்புதல் கொடுத்ததும் அது அதே வரிசையில் இறங்கி வர வேண்டும். ஜின்சோல் குழுவின் புரோகிராமர் பான் ஹியோக் அதை எழுதி ஓட்டிப் பார்த்தான். ஓர் ஒப்புதல் மேலே போய்க் கீழே வர பதினோரு விநாடி ஆயிற்று. அதற்குள் சிப்பாய் மூன்று தடவை செத்துப்போனான். டேனியல் இதைக் கேட்டுக் கவலைப்பட்டு, இரண்டு வாரம் இரண்டு ஆலோசகர்களை வைத்து அதை ஒன்பது விநாடியாகக் குறைத்தார். அதற்காக அவருக்குத் தாய்க் கம்பெனி ‘வேகப் புத்தாக்க விருது’ கொடுத்தது. இப்போது சிப்பாய் இரண்டு தடவைதான் செத்தான்.

இரண்டாவது கூட்டம் குழுவைப் பற்றி. நாற்பது பேர் குழு ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஸ்க்ரீனின் அடியில் ஒரு பட்டையில் ஆட்களின் முகங்கள் வரிசையாக வரும். அந்த வரிசையில் தளபதி எங்கே உட்காருவார் என்பது கேள்வி. மேலிடம் என்றால் வாசலிலிருந்து தூரமான இடம். சோஜு குடிக்கிற கடையிலிருந்து கல்யாண வீடுவரை அதுதான் வழக்கம். சரி, ஸ்க்ரீனில் வாசல் எந்தப் பக்கம்? இதை நாற்பது நிமிஷம் பேசினார்கள். இடது என்றார் ஒருவர். வாசலே இல்லை என்று சொன்ன ஜின்சோலை எல்லோரும் பரிதாபமாகப் பார்த்தார்கள். கடைசியில் சார்லஸ்தான் தீர்த்துவைத்தார்: மவுஸின் அம்பு எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே வருகிறதோ அதுவே வாசல். ஆகவே ஆடுகிறவர் கையை அசைக்கும்போதெல்லாம் வாசல் மாறும். வாசல் மாறினால் தளபதி எழுந்து தூரமான இடத்துக்குப் போவார். மற்ற முப்பத்தொன்பது முகங்களும் எழுந்து வழிவிட்டு, மறுபடி அவரவர் தகுதிப்படி உட்காரும்.

"நான் ஒரு வில்லாளியைத் தொடப் போறேன்," என்றார் மன்ஷிக், சோதித்துப் பார்த்துவிட்டு. "அங்க போறதுக்குள்ள அவன் எந்திரிச்சு போயிடறான். பஸ்ல சீட்டு தேடற மாதிரி இருக்கு."

ஜின்சோல் மறுப்புப் படிவம் எழுதினாள். அப்படி ஒரு படிவம் கம்பெனியில் உண்டு. பயமில்லாமல் பேசும் பண்பாட்டுக்காக அச்சடித்தது. யாரை மறுக்கிறோமோ அவருடைய ஒப்புதல் அதற்குத் தேவை. டேனியல் அதில் ‘பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார். அதன் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவளும் அவரிடம் கையெழுத்து வாங்கி ஒரு கோப்பில் போட்டு வைத்தாள். கோபத்தில் செய்த வேலைதான் அது. வேறு உத்தேசம் எதுவும் அப்போது இல்லை.

மூன்றாவது கூட்டம் சாயங்காலம் ஏழு மணிக்கு. வேலை நேரம் ஒன்பதிலிருந்து ஆறு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆனால் ஆறு மணிக்கு அந்த மாடியிலிருந்து யாராவது கிளம்பி யாரும் பார்த்ததில்லை. டேனியலின் கண்ணாடி அறையில் விளக்கு அணைந்து, அவர் லிஃப்டில் இறங்கிய பிறகு, அவருக்கு அடுத்தவர், அதற்கடுத்தவர் என்றுதான் மாடி காலியாகும். பதவி ஒழிந்த பிறகும் யார் யாருக்கு அடுத்தவர் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

அன்றைக்கு எடுத்த முடிவு, குழுவாக நடக்கும்போது தளபதிக்கு முன்னால் யாரும் நடக்கக் கூடாது என்பது. ‘ஏழு கோட்டை’யின் தளபதி முதுகில் முரசு கட்டிய கிழவர், விளையாட்டிலேயே மெதுவாக நடப்பவர். அவருக்குப் பின்னால் குதிரைப்படை நடை பழகிற்று. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஹியோக் பெரிய ஸ்க்ரீனில் ரோந்தை ஓட்டிக் காட்டினான். முன்னால் தளபதி, பின்னால் முப்பத்தொன்பது பேர். ஆற்றங்கரை வரை அழகாகப் போனார்கள். போய்ச் சேர்ந்ததும் திரும்பினார்கள்.

எல்லோரும் திரும்பியதில் கடைசி ஈட்டிக்காரன் முதல் ஆளாகிவிட்டான். தளபதி கடைசி.

"யார் அவன்?" என்றார் டேனியல்.

"ஈட்டிக்காரன், டேனியல்நிம்," என்றான் ஹியோக். "பேரெல்லாம் கிடையாது."

"தளபதிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு போறான். அவனை நிறுத்து முதல்ல."

ஹியோக் நிறுத்தினான். ஆற்றங்கரையில் நாற்பது பேரும் அசையாமல் நிற்க, குழு ஒரு மணி நேரம் விவாதித்தது. ரோந்து என்றால் போய்த் திரும்பத்தான் வேண்டும் என்று ஜின்சோல் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். திரும்பாத ரோந்து ஒன்றை வடிவமைக்க முடியுமா என்று ஓர் உறுப்பினர் அவளையே கேட்டார். கடைசியில் வழி கிடைத்தது. திரும்பும் இடத்தில் படை இரண்டு வரிசையாகப் பிரிந்து ஒதுங்கும். தளபதி நடுவே நடந்து மறுமுனைக்கு வருவார். அவர் கடக்கும்போது ஒவ்வொருவரும் குனிவார்கள். சிப்பாய் நாற்பத்தைந்து டிகிரி, அணித்தலைவன் முப்பது, படைத்தலைவன் பதினைந்து. அப்புறம் எல்லோரும் அவருக்குப் பின்னால் சேர்ந்து நடப்பார்கள். ஒரு திருப்பத்துக்கு இருபத்தாறு விநாடி.

"இன்னும் ஒன்னு," என்றார் டேனியல், எழுந்துகொண்டே. "ரோந்து முடிஞ்சாலும் தளபதி கிளம்பாம ஒருத்தனும் கலையக் கூடாது. ஆடறவர் என்ன பொத்தானைத் தட்டினாலும் சரி. எங்க காலத்துல நாங்க அப்படித்தான் வளர்ந்தோம். எங்க மேலதிகாரி ஒருநாள் ரூமுக்குள்ள தூங்கிட்டார். விடியற வரைக்கும் நாங்க முப்பது பேர் உட்கார்ந்திருந்தோம். ஒரு வேலையும் இல்ல. சும்மா உட்கார்ந்திருந்தோம். அதுக்குப் பேர்தான் படை."

அப்படிச் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. நிஜமாகவே தழுதழுத்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

செப்டம்பரில் சியோலில் ஓர் அரங்கில் ‘ஏழு கோட்டை’யைப் பொதுமக்களுக்கு ஆடிக் காட்ட ஏற்பாடாயிற்று. தாய்க் கம்பெனியின் சேர்மன் நேரில் வருகிறார். ஆட்டம் நன்றாகப் போனால் விளையாட்டு வெளிவரும். இல்லாவிட்டால் கேம் குழு பதினோரு பேரும் ஜின்சோலும் தான்யாங் சிமெண்ட் ஆலைக்கு, மூட்டை எண்ணும் மென்பொருள் எழுத. இதை டேனியல் ஊக்கமூட்டும் உரையில் சொன்னார்.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் மத்தியானம், கட்டடத்துக்கு அடியில் சுந்தே என்கிற பன்றிக்குடல் சூப் கடையில் ஜின்சோல், ஹியோக், மன்ஷிக் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஹியோக் சூப்பில் சோற்றைக் கொட்டிக் கிளறிக்கொண்டே, ஸ்பூனைப் பார்த்தபடி சொன்னான்.

"அக்கா, உங்க ஏழு வரி இன்னும் உள்ளயேதான் இருக்கு. நான் அழிக்கல. ஒரே ஒரு சுவிட்ச். நாளைக்கு காலையில தட்டிட்டா போதும். ஒருத்தருக்கும் தெரியாது."

ஜின்சோல் ஸ்பூனைக் கீழே வைத்தாள். ஆசையாக இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். எட்டு மாச வேலை, ஆறு வருஷ விளையாட்டு, பதினோரு பேரின் வீட்டு அடுப்பு, எல்லாம் அந்தச் சுவிட்சில் இருந்தது.

"தட்டினா ஜெயிப்போம்," என்றாள். "ஜெயிச்சா, பாத்தியா, குனிஞ்சு வணக்கம் போட்டதாலதான் ஜெயிச்சோம்னு அடுத்த விளையாட்டுக்கும் அதையே போடுவாங்க. என்னோடதைத் திருட்டுத்தனமா எதுக்கு ஓட்டணும்? அது என்ன தப்பு பண்ணுச்சு? அவங்க கேட்டதை அவங்க கேட்ட மாதிரியே ஓட்டு. ஒரு புள்ளி மாத்தாத." பிறகு குரல் இறங்கிற்று. "ஆனா இது என் வேலை மட்டும் இல்ல. மூட்டை எண்ணப் போறது நீங்களும்தான். வேணாம்னா சொல்லுங்க."

ஹியோக் மன்ஷிக்கைப் பார்த்தான். மன்ஷிக் ஊறுகாய் முள்ளங்கியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"எண்ணுவோம்," என்றார். "மூட்டையாவது நான் தொடறப்போ எந்திரிச்சு போகாது."

நிகழ்ச்சியன்று அரங்கு நிறைந்திருந்தது. கம்பெனி சார்பில் மன்ஷிக். எதிரே யோம் ஹவோன் என்ற தொழில்முறை ஆட்டக்காரி. இருபத்துநாலு வயசு, சூயிங்கம் மென்றபடியே வந்து உட்கார்ந்தாள். முதல் வரிசையில் எழுபத்தொன்பது வயது சேர்மன், பக்கத்தில் டேனியல், பின்வரிசையில் சார்லஸ். மேடை ஓரத்தில் ஜின்சோல்.

மன்ஷிக் விதிப்படி ஆடினார். நாற்பது பேரை ஒரு குழுவாக்கி, ரோந்துக்கு அனுப்பினார். தளபதி முன்னே போனார். ஆற்றங்கரையில் படை பிரிந்து ஒதுங்கிற்று. முரசுக் கிழவர் நடுவே நடந்தார். ஒவ்வொருவனாகக் குனிந்தான். அரங்கில் முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

சேர்மன் முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல பசங்க," என்றார். "எவ்வளவு ஒழுங்கு பாரு."

"எல்லாம் உங்க ஆசீர்வாதம், ஐயா," என்றார் டேனியல்.

எதிர்ப்பக்கம் ஹவோன் இதை ஒரு நிமிஷம் பார்த்தாள். மெல்லுவதை நிறுத்தினாள். பிறகு அவள் செய்த காரியத்தை மேம்பாட்டுக் குழுவில் யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. பதினாறு கூட்டத்தில், நூற்றிருபது பக்கக் குறிப்பில், ஒரு தடவைகூட அது பேச்சுக்கு வந்ததில்லை. அவள் தளபதியே வைத்துக்கொள்ளவில்லை. படைத்தலைவனும் இல்லை, அணித்தலைவனும் இல்லை. வெறும் ஈட்டிக்காரர்கள் முப்பது பேர். மேலே கேட்பதற்கு ஆள் இல்லாததால் அவர்கள் கேட்கவில்லை. முன்னால் நடக்கக் கூடாத ஆள் இல்லாததால் ஓடினார்கள். தளபதி இல்லாமல் ஒரு படை இருக்கக் கூடும் என்று அத்தனை பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

முப்பது ஈட்டிகளும் வந்து விழுந்தபோது மன்ஷிக்கின் ஆட்கள் ஒப்புதலுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒன்பது விநாடி. மன்ஷிக் படையைத் திருப்பிப் பார்த்தார். அவர்கள் வழிவிட்டு ஒதுங்கிக் குனிந்தார்கள். குனிந்த கழுத்தில் ஈட்டி இறங்கிற்று. தப்பியவர்கள் தளபதியோடு கோட்டைக்குள் திரும்பியதும் அங்கேயும் தீப்பிடித்தது. வெளியே ஓடும்படி பொத்தானைத் தட்டினார். வாசலில் எல்லோரும் வரிசையாக நின்று, தளபதி முதலில் கிளம்பட்டும் என்று காத்திருந்தார்கள். தளபதி தூரமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். அரங்கில் நானூறு பேரும் சிரித்தார்கள். சிலர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு ஆள் எழுந்து, "எங்க ஆபீஸ், எங்க ஆபீஸ்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் எதுக்கு சிரிக்கிறாங்க?" என்று கேட்டார் சேர்மன்.

"சந்தோஷத்துல, ஐயா," என்றார் டேனியல்.

மூன்று நாள் அந்தச் சந்தோஷம் நாடு பூராவும் பரவியது. ஆற்றங்கரையில் குனியும் படையை ஃபோனில் பார்க்காத அலுவலகம் இல்லை. நாலாம் நாள் சேர்மனின் பேத்தி அதை அவருக்குக் காட்டி, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விளக்கமும் சொல்லிவிட்டாள். ஐந்தாம் நாள் மத்தியானம் டேனியல் ஜின்சோலைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்.

மேஜையில் ஒரு தாள் இருந்தது. தவறு செய்தவர் தன் கையால் எழுதிக் கொடுக்கும் குற்ற ஒப்புதல் கடிதம். அவளுக்குச் சிரமம் கொடுக்க வேண்டாமென்று சார்லஸ் முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்தார். ‘தளபதிக்கு மரியாதை செய்யும் அம்சத்தை மேலிடத்தைக் கலந்தாலோசிக்காமல் நான் தன்னிச்சையாகச் சேர்த்தேன்’ என்று அதில் இருந்தது. கீழே வில்மா என்று போட்டு, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

ஜின்சோல் தன் கோப்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். "நாப்பத்தொரு மாற்றம். நாப்பத்தொன்னுலயும் உங்க கையெழுத்து இருக்கு."

டேனியல் கோப்பைத் திறக்கவில்லை. நிம் காணாமல் போயிருந்தது.

"கையெழுத்து என்னோடது. பொறுப்பு உன்னோடது. இது தெரியாம ஆறு வருஷம் இங்க என்ன பண்ணிட்டிருந்தே? கையெழுத்து மேல இருக்கறவங்க போடறது. பொறுப்பு கீழ இருக்கறவங்க எடுத்துக்கறது. ரெண்டும் ஒரே ஆளுக்குன்னா அப்புறம் இத்தனை மாடி எதுக்கு?"

"பதவியே இல்லன்னு சொன்னீங்களே."

"பதவி இல்லம்மா. மாடி இருக்குல்ல." அவருக்குப் பொறுமை போயிற்று. "போட்டுடு. போட்டா நீ மட்டும் போவே, மத்தவங்க இங்கயே இருக்கலாம். போடலன்னா பன்னெண்டு பேரும் தான்யாங். நீ கையெழுத்துப் போடற வரைக்கும் இன்னைக்கு உன் குழு ஒருத்தரும் எந்திரிக்கப்போறதில்ல. நானும் இங்கயேதான் இருப்பேன். எவ்வளவு நேரம்னாலும்."

தாளை எடுத்துக்கொண்டு ஜின்சோல் தன் மேஜைக்கு வந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த அறைச் சுவர் கண்ணாடி என்பதால் எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்திருந்தார்கள். கதவைச் சாத்தாததால் கேட்டும் இருந்தார்கள்.

மணி நாலு ஆயிற்று, ஐந்து ஆயிற்று. அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டுவிடலாமா என்று தோன்றத்தான் செய்தது. பதினோரு பேர் தப்பிப்பார்கள். வேறு கம்பெனி கிடைக்காமலா போகும்? பேனாவைக்கூட எடுத்துவிட்டாள். அப்போது மன்ஷிக் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"ஜின்சோல். என் பிழைப்புக்காக நீ அதுல கையெழுத்துப் போடறதா இருந்தா, என் பேரை விட்டுடு. எங்க அம்மா எனக்கு வெச்ச பேரு அது. அந்தத் தாளுக்கு ஒரு காரணமா அதைக் கொடுக்க எனக்கு இஷ்டம் இல்ல."

"அண்ணே, உங்களுக்கு இடுப்பு வேற. தான்யாங்ல குளிரு ஜாஸ்தி."

"குளிருக்கு கோட்டு இருக்கு," என்றார் மன்ஷிக். அவர் பின்னால் பத்துத் தலைகள் ஸ்க்ரீனுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு தலைகூடக் கீழே இறங்கவில்லை.

ஜின்சோல் டிராயரைத் திறந்தாள். பழைய ஒரு பக்கத்தை எடுத்தாள். அந்த ஏழு வரிக்கு அடியில் ஓக் ஜின்சோல் என்று தன் முழுப்பெயரைக் கையெழுத்துப் போட்டாள். கண்ணாடி அறைக்குப் போய் டேனியலின் மேஜையில் அதை வைத்தாள். சார்லஸ் தட்டச்சு செய்த தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். கையெழுத்து இடம் காலியாக இருந்தது.

"இது என்னோடது. இதுக்கு நான் பொறுப்பு. அது உங்களோடது," என்றாள்.

திரும்பி வந்து பையை எடுத்தபோது மணி சரியாக ஆறு. ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. ஆறு வருஷத்தில் அந்த நேரத்தில் அந்த வெயிலை வெளியே நின்று அவள் பார்த்ததில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். மாடி முழுக்கக் கண்கள்.

ஹியோக் தன் விசைப்பலகையில் ஒரே ஒரு தடவை தட்டினான்.

"ஒன்னு," என்றான்.

பதினோரு நாற்காலிகள் பின்னால் தள்ளப்பட்டன. கோட்டுகள், பைகள், ஒருத்தி வாங்கி வைத்திருந்த வெங்காயத்தாள் கட்டு, எல்லாம் கிளம்பிற்று. யாருக்கு அடுத்து யார் என்று ஒருவரும் பார்க்கவில்லை. ஹியோக் ஓடிப்போய் லிஃப்டைப் பிடித்தான். மன்ஷிக் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கடைசியாக, நிதானமாக நடந்து வந்தார். பதினோரு பேரும் லிஃப்ட் கதவைக் கையால் தடுத்துக்கொண்டு அவருக்காக நின்றார்கள். குனிந்து நிற்கவில்லை. சும்மா நின்றார்கள்.

டேனியல் கண்ணாடி அறை வாசலுக்கு வந்திருந்தார். பின்னால் சார்லஸ், பையை எடுத்துவிட்டு, டேனியல் இன்னும் கிளம்பவில்லை என்பதால் திரும்பக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க போறீங்க எல்லாரும்?" டேனியலின் குரலில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது. "நான் இன்னும் இங்கதான் இருக்கேன்."

மன்ஷிக் உள்ளே ஏறிக்கொண்டார். ஜின்சோல் கதவிலிருந்து கையை எடுத்தாள்.

"வீட்டுக்குப் போறோம். நாளைக்கு காலையில ஒன்பது மணிக்குத் திரும்பி வருவோம்," என்றாள். "ரோந்துன்னா அவ்வளவுதாங்க."